வில்லுப்பாட்டு வீடியோ டிவிடி பிளேயர்ல ஓட மாட்டேங்குது, என்ன செய்யணும்?

திங்கள்நகர் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பாட்டாவுக்கு 84 வயசு. இளவட்டத்துல வில்லடிக்குக் குடம் அடிச்சவரு. இடுப்பெலும்பு முறிஞ்சு நாலு மாசமா கட்டில்லதான் கிடக்காரு. இந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவரால வர முடியல. அவருக்காகவே வில்லுப்பாட்டு முழுசையும் போனை ஸ்டாண்டுல வச்சு எடுத்தேன். 3 மணி 10 நிமிஷம். 6 துண்டா விழுந்திருக்கு, மொத்தம் 24 ஜிபிக்குக் கிட்ட வரும்.

போன்ல காட்டினா, குடக்காரருக்க கை தெரியலன்னு சொல்லுதாரு. வீட்ல உள்ளது 21 இஞ்ச் பழைய டிவியும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் குத்துற டிவிடி பிளேயரும்தான். அதுல டிஸ்கைப் போட்டு அமுக்க அவருக்கே தெரியும், யாரையும் கூப்பிட வேண்டாம். முதல் துண்டை ஒரு டிவிடியில ரைட் பண்ணிப் போட்டேன். கம்ப்யூட்டர்ல ஓடுது, பிளேயர்ல சுத்திச் சுத்தி நிக்குது. எனக்க அக்காக்க கல்யாண டிவிடி அதே பிளேயர்ல நல்லா ஓடுது. ரெண்டு டிஸ்க் வீணாப் போச்சு. யாராவது வழி சொல்லுங்க.

வடசேரி தம்பி:

அக்கா, பிளேயர்ல பென்டிரைவ் ஓட்டை இருக்கா பாருங்க. இருந்தா டிஸ்கே வேண்டாம், அப்படியே குத்திப் பாக்கலாம்.

தக்கலை ஸ்டுடியோக்காரன்:

தம்பி, பழைய பிளேயர்ல பென்டிரைவ் குத்தினாலும் போன் வீடியோ ஓடாது. அந்தக் காலத்துப் பிளேயர் பெரும்பாலும் எக்ஸ்விட் ஏவிஐங்கிற பழைய வீடியோ வகை வரைக்கும்தான் படிக்கும்.

மக்ளே, உனக்க டிஸ்க்ல கோளாறு ஒண்ணும் இல்ல. அதுல இருக்கது டிவிடி படம் இல்ல, எம்பி4 ஃபைல். போன் வீடியோவைச் சுருக்கிப் பதியற முறை எச்.264 இல்லேன்னா எச்.265. டிவிடி பிளேயருக்குத் தெரிஞ்ச முறை எம்பெக்-2. அதுவும் பால் (PAL)னு சொல்ற நம்ம நாட்டு டிவி முறையில 720க்கு 576, செகண்டுக்கு 25 பிரேம். டிஸ்குக்குள்ள ‘வீடியோ டிஎஸ்’னு ஒரு ஃபோல்டரும், அதுல விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களும் இருக்கணும். அக்கா கல்யாண டிஸ்கைக் கம்ப்யூட்டர்ல திறந்து பாரு, அப்படித்தான் இருக்கும்.

‘டிவிடி ஸ்டைலர்’னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல புது புராஜெக்ட் தொடங்கும்போது பால், 16:9, ஆடியோவுக்கு ஏசி3 குடு. மறந்து என்டிஎஸ்சி குடுத்துராத, அது அமெரிக்கா பக்கத்து டிவி முறை.

இனி சொல்லதுதான் முக்கியம். மூணு மணி நேரத்தையும் ஒரே டிஸ்க்ல அடைக்காத. 4.7 ஜிபி டிஸ்க்ல 190 நிமிஷம் போட்டா ஒரு செகண்டு படத்துக்கு 3.3 மெகாபிட் இடம்தான் கிடைக்கும். ராத்திரி எடுத்தது, பந்தல் லைட்டு, பின்னால ஆளு நடமாட்டம், எல்லாம் கட்டம் கட்டமா உடையும். நீ காட்ட நினைக்க அந்தக் கைதான் முதல்ல கலங்கும். மூணு துண்டு ஒரு டிஸ்க், மூணு துண்டு இன்னொரு டிஸ்க்னு போடு. 6.6 மெகாபிட் வரும், உடுக்கை அடிக்க விரல் வரைக்கும் தெரியும். நான் 2004-லேர்ந்து கல்யாண வீடியோ எடுக்கேன். டிஸ்க் காசை மிச்சம் பிடிக்கப் போயி ஒரு வீட்டுத் தாலிகட்டையே கலங்கலாக் குடுத்திருக்கேன். அவுங்க ஒண்ணும் சொல்லல, எனக்குத்தான் இன்னைக்கும் ஆறல.

மெனு பட்டன்ல ‘ப்ளே ஆல்’ வை. இல்லேன்னா ஒரு துண்டு முடிஞ்ச உடனே மெனுவுக்குத் திரும்பி நிக்கும், பாட்டா கட்டில்லேர்ந்து ரிமோட்டோட மல்லுக்கட்டணும். நேரா டிஸ்க்ல ரைட் பண்ணாத. முதல்ல ஹார்ட் டிஸ்க்ல ஃபோல்டராப் போட்டு, கம்ப்யூட்டர்ல வீடியோ பாக்க ‘விஎல்சி’ சாஃப்ட்வேர்ல ஓட்டிப் பாரு. சரியா இருந்தா டிவிடி-ஆர் டிஸ்க்ல 4 எக்ஸ் இல்லேன்னா 8 எக்ஸ் வேகத்துல ரைட் பண்ணு.

திங்கள்நகர் பொண்ணு:

ரொம்ப நன்றி அண்ணா. விஎல்சியில பாத்தேன், படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா போகப் போக சத்தம் பிந்துது. புலவர் வீசுகோலை வில்லுல அடிச்ச பொறவுதான் மணி கேக்குது. பாட்டா இதை உடனே கண்டுபிடிச்சிருவாரு.

தக்கலை ஸ்டுடியோக்காரன்:

போன் ஒரே சீரா பிரேம் எடுக்காது, வெளிச்சம் குறைஞ்சா பிரேமும் குறையும். அதுதான் பிந்தக் காரணம். முதல்ல ‘ஹேண்ட்பிரேக்’னு வீடியோ மாத்தற சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு துண்டையும் 25 பிரேம், ‘கான்ஸ்டன்ட்’னு குடுத்து மாத்து. அந்த ஃபைலை டிவிடி ஸ்டைலர்ல போடு. ஹேண்ட்பிரேக் டிவிடி உண்டாக்காது, அது முதல் படிக்கு மட்டும்தான். நேரம் பிடிக்கும், ராத்திரி ஓட விட்டுட்டுப் படு.

பிளேயர் செட்டப்ல டிவி டைப்பை 4:3 லெட்டர்பாக்ஸ்னு வை. 16:9-ல கிடந்தா உங்க டிவியில ஆளெல்லாம் ஒடிசலா நீண்டு தெரிவாங்க. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வந்தா பயப்படாத, அதுதான் சரி.

திங்கள்நகர் பொண்ணு:

அண்ணா, ரெண்டு டிஸ்கும் ஓடிச்சு! சத்தமும் கூடவே வருது. பாட்டா ரெண்டாவது டிஸ்கைத்தான் முதல்ல போடச் சொன்னாரு. குடக்காரரு தாளத்தை மாத்தற இடம் அதுலதான் இருக்காம், அதையே நாலு தடவை பாத்தாரு. ஒவ்வொரு தடவையும் ரிமோட்ட அமுக்கிப் பிடிச்சு ஓட்டி ஓட்டித் தேட வேண்டியிருக்கு. நேரா அங்க போக வழி உண்டா?

தக்கலை ஸ்டுடியோக்காரன்:

உண்டு மக்ளே. டிவிடி ஸ்டைலர்ல அந்தத் துண்டுக்க ப்ராபர்ட்டீஸ்ல சாப்டர்னு இருக்கும். 5 நிமிஷத்துக்கு ஒண்ணு வை, அந்த இடத்துக்குத் தனியா ஒண்ணு வச்சு, புது டிஸ்க்ல திரும்ப ரைட் பண்ணு. ‘நெக்ஸ்ட்’ பட்டனை அமுக்கினா அங்க போய் நிக்கும். எத்தனை தடவை அமுக்கணும்னு டிஸ்க் உறைமேல பெருசா எழுதி ஒட்டிக் குடு.