ராத்திரி மெசின் டயலிசிசுக்கு மாறினாக்கள் இருக்கிறீங்களா?

கேள்வி (வெள்ளவத்தை):
அப்பாவுக்கு வயித்தால டயலிசிஸ் (வயித்துக்குள்ள டயலிசிஸ் தண்ணி விட்டு எடுக்கிறது), ஒரு நாளைக்கு 4 தரம் 2 லீட்டர் தண்ணி பாக் கையால மாத்திறம், நான் வேலைக்குப் போறதால மத்தியானம் முழுக்க அம்மாட தலையிலதான், அவவுக்கும் கை நடுங்குது. டொக்டர் மெசினுக்கு மாறலாம் எண்டுறார். நித்திரை கொள்ளேலுமா? கரண்ட் போனா?

பதில் 1 (கொட்டாஞ்சேனை):
மாறுங்கோ அக்கா. என்ர இவருக்கு இரவு ஒருக்கா பூட்டினா 8, 9 மணித்தியாலம் மெசினே தண்ணிய விட்டு எடுக்கும், விடியக் கழட்டினாச் சரி. தொடக்கத்தில அலாரம் அடிச்சு உயிர எடுக்கும், கூடுதலா டியூப் உடம்புக்குக் கீழ மடிஞ்சிருக்கும். மலச்சிக்கல் இருந்தாலும் தண்ணி வடியாது, அதைக் கட்டாயம் கவனியுங்கோ. வடியிற நேரம் நோவெண்டா நர்சிட்ட சொல்லுங்கோ, கொஞ்சம் உள்ளுக்கு மிஞ்சிற மாதிரி செட்டிங் மாத்தலாம்.

பதில் 2:
முதல்ல பெட் டெஸ்ட் (PET, வயித்துச் சவ்வு கழிவை எவ்வளவு வேகமா விடுது எண்டு பாக்கிறது) செய்தாச்சா எண்டு கேளுங்கோ. வயித்துச் சவ்வு கழிவை மெதுவா விடுற ஆக்களுக்கு தண்ணி கனநேரம் உள்ள நிக்கோணும், அவைக்கு இரவு மெசின் மட்டும் காணாமப் போகலாம், பகலிலயும் தண்ணி விட்டு வைக்கச் சொல்லுவினம்.

பதில் 3 (தெஹிவளை):
கரண்டுக்காக கையால மாத்திற பாக் கொஞ்சம் வீட்டில வையுங்கோ, அம்மா அந்தப் பழக்கத்தையும் விடக்கூடாது. மெசின் தண்ணிய சூடாக்கிறதால சின்ன யூபிஎஸ் தாங்காது. இன்னொண்டு, விடிய வெளிய வந்த தண்ணிய வெளிச்சத்தில பாருங்கோ, கலங்கலா இருந்தாலோ, வயித்து நோவோ காய்ச்சலோ வந்தாலோ அண்டைக்கே டயலிசிஸ் யூனிட்டுக்கு ஓடுங்கோ.