மதம் சாராத தனியார் பள்ளி: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

நிலா அம்மா கேட்டது:
மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு மத அமைப்பு நடத்தும் தனியார் பள்ளி. பாடம் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள், பிள்ளைகளை அன்பாகவும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் போன வாரம் கணக்குத் தேர்வுக்கு முந்தின ராத்திரி, "பிரேயர்ல கண்ணைத் திறந்துட்டேன், மார்க் குறைஞ்சிடுமாம்மா?" என்று கேட்டு அழுதாள். வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கணவரும் எந்த மதத்தையும் கடைப்பிடிப்பதில்லை. அவள் வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். பள்ளியை மாற்றலாம் என்றால், "சாமி பயம் இல்லாம நல்லது கெட்டது எப்படித் தெரியும்?" என்கிறார் மாமியார். மாண்டிசோரி, வால்டார்ஃப் மாதிரிக் கல்வி முறைகள், ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம், வீட்டுக்கல்வி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது உண்மையிலேயே மதம் சாராதது?

கரும்பலகை:
தனியார்தான் வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? அரசுப் பள்ளியையும் பாருங்கள். பிரான்சில் 1882-லேயே அரசு ஆரம்பப் பள்ளிகளில் மத போதனையை எடுத்துவிட்டு, நன்னெறியையும் குடிமைப் பாடத்தையும் வைத்தார்கள். எல்லா நாட்டிலும் இப்படி இல்லைதான். இங்கிலாந்தில் அரசுப் பள்ளியிலும் தினசரிக் கூட்டு வழிபாடு சட்டப்படி உண்டு. பெற்றோர் கேட்டால் பிள்ளைக்கு விலக்கு கிடைக்கும்.

பழைய டீச்சர்:
நிலா அம்மா, ஒரு மத நிறுவனப் பள்ளியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு மாண்டிசோரி வகுப்புக்கு வந்த ஆசிரியை நான். பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வால்டார்ஃப் 1919-ல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கியது, எந்தத் திருச்சபைக்கும் சொந்தமில்லை. ஆனால் அதன் வேர், அதைத் தொடங்கிய ருடால்ஃப் ஸ்டைனரின் ஆன்மிகச் சிந்தனை. காலையில் பிள்ளைகள் சேர்ந்து சொல்லும் வரிகளில் கடவுள் வருவதுண்டு. கைவேலை, இசை எல்லாம் அருமையாக இருக்கும், அந்தக் காலை நேரம்தான் உங்களுக்கு இடிக்கும். ஐபி வெறும் பாடத்திட்டம். மத நிறுவனப் பள்ளிகளும் அதை நடத்துகின்றன. மாண்டிசோரி பெயரையோ பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். முறையாக நடக்கும் மாண்டிசோரி வகுப்பில் ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பத்துக் கட்டை கொண்ட இளஞ்சிவப்புக் கோபுரமும் அப்படித்தான். நாலு வயசுப் பையன் அதை அடுக்கிக்கொண்டிருப்பான். இன்னொருத்தி பாய் ஓரத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அவன் உச்சியில் சின்னக் கட்டையை வைத்து, அழகு பார்த்து, பிரித்து, ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைக்கும்வரை நிற்பாள். பிடுங்கினால் சாமி கண்ணைக் குத்தும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. நேற்று அவள் அடுக்கும்போது யாரும் கலைக்கவில்லை, அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. முடிந்தால் மாமியாரையே ஒருநாள் கூட்டிக்கொண்டுபோய் வகுப்பில் உட்காரவையுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது, பேசவும் இடம் வேண்டும். அயர்லாந்தில் பெரும்பாலான ஆரம்பப் பள்ளிகள் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில் இருக்கின்றன. அங்கே டால்கி என்ற ஊரில் சில பெற்றோர் சேர்ந்து 1978-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் எஜுகேட் டுகெதர் என்ற பள்ளி அமைப்பு. அந்தப் பள்ளிகளில் நன்னெறிக்கென்றே தனிப் பாடத்திட்டம் உண்டு: சமத்துவம், நீதி, சுற்றுச்சூழல், அப்புறம் பல மதத்தார் என்ன நம்புகிறார்கள் என்பது. மதங்களைப் பற்றிச் சொல்லித்தருவார்கள், எதையும் நம்பு என்று சொல்வதில்லை. நீங்கள் தேடுவது இந்த மாதிரி இடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பள்ளி பார்க்கப் போனால் முதல்வர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். காலைக் கூட்டத்தின்போது ஓரமாக நின்று கவனியுங்கள். வகுப்பு ஆசிரியரிடம், "செத்துப்போனா எங்க போவாங்க மிஸ்னு ஒரு பிள்ளை கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். உடனே ஒரு முடிந்த பதிலைச் சொல்கிறவரும், "அதெல்லாம் இங்க பேசக்கூடாது" என்று வாயை அடைக்கிறவரும் எனக்கு ஒன்றுதான். "ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி நம்புறாங்க, உனக்கு என்ன தோணுது?" என்று பிள்ளையிடம் திருப்பிக் கேட்கிறவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முற்றத்து வகுப்பு:
நாங்கள் வீட்டுக்கல்விதான். மத நிறுவனங்கள் தயாரிக்கும் பாடநூல்கள் இதில் ஏராளம், அதனால் வாங்குமுன் அறிவியல் புத்தகத்தில் பரிணாமம் பற்றிய பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் இதற்கு அநேகமாக அனுமதியே இல்லை.

நிலா அம்மா:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர், வேறு பள்ளி கிடைக்கும்வரை என்ன செய்வது?

பழைய டீச்சர்:
வகுப்பு ஆசிரியரை நேரில் பாருங்கள்மா. புகார் மாதிரி இல்லாமல், பிள்ளை அழுததை அப்படியே சொல்லுங்கள். மார்க்குக்கும் பிரேயருக்கும் சம்பந்தமில்லை என்பதை அவரே நிலாவிடம் சொன்னால் பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். வழிபாட்டு நேரத்தில் நூலகத்தில் இருக்க அனுமதி கேட்டு எழுதியும் கொடுக்கலாம். ஆனால் தனியே உட்காருவதைச் சில பிள்ளைகள் தண்டனையாக எடுத்துக்கொள்ளும், அதனால் முதலில் நிலாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோழிகளோடு நிற்கத்தான் பிடிக்கும் என்றால் நிற்கட்டும்.