பேடிஎம் பங்கும் மெக்குவாரியின் இலக்கு விலையும்: கணிப்பு பலித்ததா?

வைகைக்கரை:
2021 நவம்பர் 18 அன்று, ஐபிஓவில் (முதல் பொதுப் பங்கு வெளியீட்டில்) 2,150 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்ட, கைபேசிப் பணப்பரிமாற்ற நிறுவனமான பேடிஎம்மின் பங்கு, முதல் நாளிலேயே ஏறத்தாழ 27 விழுக்காடு சரிந்து 1,564 ரூபாயில் முடிந்தது. அன்றே மெக்குவாரி என்ற நிதி நிறுவனம், அதற்கு 1,200 ரூபாய்தான் இலக்கு விலை (பங்கு போய்ச் சேரும் என்று ஆய்வாளர் கணிக்கும் விலை) என்று அறிக்கை வெளியிட்டது. நான்கே மாதங்களில் பங்கு 600 ரூபாய்க்கும் கீழே போயிற்று. ஆய்வாளர் பேச்சை நம்பக் கூடாது என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

நீண்டகாலம்:
எந்த ஆய்வாளர் என்று முதலில் சொல்லுங்கள், நண்பரே. ஐபிஓவை நடத்திக் கொடுத்த மார்கன் ஸ்டான்லியும் கோல்ட்மேன் சாக்ஸும் சில வாரங்களிலேயே வாங்கலாம் என்று பரிந்துரைத்தன. முடிவு தெரிந்த பிறகு பலித்த ஒருவரை மட்டும் மேடையேற்றுவது எளிது. அந்த மெக்குவாரியையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி புதிய வைப்புகளை ஏற்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. அன்று பங்கின் விலை 761. அடுத்த இரண்டு நாளும் லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி எல்லை. விற்பதற்கு ஆர்டர் போட்டுவிட்டு, வாங்க ஆளில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். விலை 420 அளவுக்கு இறங்கிய பிறகுதான் மெக்குவாரியின் இலக்கு 650இலிருந்து 275 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த 275ஐப் பங்கு தொடவே இல்லை. மே மாதத்தில் 310 வரை போய்த் திரும்பி, டிசம்பரில் ஆயிரத்தைத் தாண்டியது. விலைக்குப் பின்னால் ஓடுவதற்குக் கணிப்பு என்று பெயரா?

வைகைக்கரை:
ரிசர்வ் வங்கியின் உத்தரவை எந்த ஆய்வாளரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. உண்மை மாறினால் எண்ணும் மாறத்தான் வேண்டும். தவிர, தாங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த டிசம்பர் உச்சமும் வெளியீட்டு விலையில் பாதியை எட்டவில்லை.

வரவுசெலவு:
இருவரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். நான் காரணத்தைப் பார்க்கிறேன். கையில் பல தொழில்கள் இருந்தும் லாபத்திற்கான வழி எதிலும் தெளிவாக இல்லை என்பதே மெக்குவாரியின் 2021 அறிக்கையின் சாரம். யுபிஐ பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்க முடியாது என்ற நிலை 2020 ஜனவரியிலிருந்தே இருக்கும்போது அது நியாயமான ஐயம்தான். 2024 ஜூலை–செப்டம்பர் காலாண்டில் காட்டிய 930 கோடி லாபம்கூட, டிக்கெட் விற்பனைத் தொழிலை சொமேட்டோவுக்கு 2,048 கோடிக்கு விற்றதால் வந்தது.

நீண்டகாலம்:
காரணத்தைப் பார்ப்பவர் அதையும் காலத்தோடு பார்க்க வேண்டும், ஐயா. 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அப்படி எதையும் விற்காமலே 122 கோடிக்கு மேல் லாபம் வந்திருக்கிறது.

வரவுசெலவு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் வட்டி போன்ற இதர வருமானம் எவ்வளவு, கடன் வழங்க உதவியதற்கான கட்டணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல், பழைய ஐயம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.