வட்ட பிரேமில் புது லென்ஸ்: துடைத்தாலே வலது கண் மங்குகிறது, உதவி தேவை

கேள்வி:
பிரேம் நன்றாக இருந்ததால் லென்ஸ் மட்டும் மாற்றினேன். மெட்டல், முழு ரிம், வட்டம். சைடு கம்பியின் உள்பக்கம் 48-21-145 (லென்ஸ் அகலம், மூக்கின் மேல் வரும் பாலம், கம்பி நீளம், மி.மீ. கணக்கில்) என்று இருக்கிறது. வலது −1.50, சிலிண்டர் (பார்வை ஒரு திசையில் மட்டும் மங்குவதற்கான பவர்) −2.00, ஆக்சிஸ் (அந்தப் பவர் அமைய வேண்டிய கோணம்) 180. இடது −1.75, சிலிண்டர் −0.50, ஆக்சிஸ் 175. போட்டதும் தெளிவாக இருந்தது. துணியால் துடைத்த பிறகு வலது கண் மங்குகிறது, தரை சாய்ந்த மாதிரி தெரிகிறது. பழகிவிடும் என்கிறார்கள் கடையில். காத்திருக்கலாமா?

பதில் 1:
காத்திருக்க வேண்டாம். துடைத்ததும் மாறுகிறது என்றால் லென்ஸ் ரிம்முக்குள் சுற்றுகிறது. சதுர பிரேமில் மூலைகள் பிடித்துக்கொள்ளும், வட்டத்தில் பிடிக்க எதுவும் இல்லை. சிலிண்டர் 2.00 இருக்கும்போது 5 டிகிரி திரும்பினாலே சுமார் 0.35 பவர் பிழை வரும், 10 டிகிரிக்கு 0.70. இந்த அளவு சிலிண்டருக்கு ஆக்சிஸ் 2–3 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. இடது கண்ணில் 0.50தான் என்பதால் அது கொஞ்சம் திரும்பினாலும் உங்களுக்குத் தெரியாமல் போகலாம், அதையும் பாருங்கள்.

ஒயிட்போர்டு மார்க்கரால் லென்ஸிலிருந்து ரிம் வரை குறுக்கே ஒரு சின்னக் கோடு போடுங்கள். கோட்டைத் தொடாமல் வழக்கம்போல் துடையுங்கள். லென்ஸில் உள்ள பாதியும் ரிம்மில் உள்ள பாதியும் விலகினால் சந்தேகமே இல்லை.

அடுத்து, சைடு கம்பி சேரும் இடத்தில் ரிம்மை மூடும் ஸ்க்ரூவைப் பாருங்கள். ரிம்மின் இரு முனைகளுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா?

கேட்டவர்:
கோடு விலகிவிட்டது. ஸ்க்ரூவை முழுக்க இறுக்கியாயிற்று, இடைவெளி இல்லை. அப்படியும் விரலால் தள்ளினால் சுற்றுகிறது. ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடலாமா?

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். அதன் ஆவி கோட்டிங்கில் வெள்ளைப் படலமாகப் படியும், அப்புறம் ரிம்மைத் திறக்கவும் முடியாது.

முனைகள் சேர்ந்தும் லென்ஸ் ஆடுகிறது என்றால் லென்ஸின் ஓரத்தை அளவுக்கு மேல் தேய்த்துச் சிறிதாக்கிவிட்டார்கள். பழைய லென்ஸைப் பார்த்துக் கையால் தேய்க்கும் இடங்களில் இது சகஜம். பெரிய லென்ஸை இன்னும் தேய்க்கலாம், சிறியதைப் பெரிதாக்க வழியில்லை. ரிம்மின் உள்பள்ளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் லைனர் வைத்துத் தருவார்கள். புது லென்ஸ் வரும்வரை அது போதும், நிரந்தரத் தீர்வாக ஏற்காதீர்கள். பிரேமையே கொடுத்து, அதன் ரிம்மை டிரேஸ் செய்து (உள் வடிவத்தைக் கருவியில் அளந்து) வெட்டச் சொல்லுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. பி.டி.யையும் (இரு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம்) பாருங்கள். 48-ம் 21-ம் கூட்டினால் 69, உங்கள் பி.டி. 62 என்றால் லென்ஸின் ஒளி மையம் ஒவ்வொரு பக்கமும் 3.5 மி.மீ. மூக்கை நோக்கி வர வேண்டும். ரிம்மின் நடுவிலேயே வைத்து வெட்டியிருந்தால் தலைவலி தனியாக வரலாம். லென்சோமீட்டரில் (லென்ஸின் பவரை அளக்கும் கருவி) லென்ஸ் பிரேமில் இருக்கும்போதே ஆக்சிஸும் மையமும் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
வலது லென்ஸ் மட்டும் மாற்றினால் போதுமா, ஜோடியாக வாங்க வேண்டுமா?

பதில் 2:
ஒன்று போதும். ஆனால் அதே கம்பெனி, அதே இண்டெக்ஸ் (லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண்), அதே கோட்டிங் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்று பச்சையாகவும் ஒன்று நீலமாகவும் மின்னும்.

புதியது வந்ததும் இதற்கு நேர்மாறான தவறு நடந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய லென்ஸைத் திணித்து இறுக்கினால் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி கோட்டிங் வெடிக்கும். லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, அதன் முன் கண்ணாடியைப் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைச் சாய்த்துத் திரை இருட்டாகும் கோணத்தில் நிறுத்தினால், ஓரத்தில் பளிச்சென்று பட்டைகள் தெரியும் இடத்தில் அழுத்தம் இருக்கிறது. லென்ஸ் பாலிகார்பனேட் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) என்றால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம், வார்ப்பிலேயே அதற்குக் கொஞ்சம் அழுத்தம் இருக்கும்.

துடைக்கும்போது சுழற்றாமல் நேர்க்கோட்டில் துடையுங்கள்.