பினோ நுவார்: அடுத்தடுத்த ஊர்களின் ஒயின்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒரே தயாரிப்பாளர் ஒரே ஆண்டில் பினோ நுவார் திராட்சையிலிருந்து செய்த இரண்டு ஒயின்களை அண்மையில் அருகருகே வைத்துச் சுவைத்துப் பார்த்தேன். ஒன்று பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள பொம்மார் ஊரைச் சேர்ந்தது. மற்றது அதற்குத் தெற்கே ஒட்டியே இருக்கும் வோல்னேயைச் சேர்ந்தது. பொம்மார் அடர்ந்த நிறத்துடனும், ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்புடனும் இருந்தது. வோல்னேயோ கிண்ணத்துக்குப் பின்னால் பிடித்த விரல் தெரியும் அளவுக்கு வெளிறியிருந்தது. ஆனால் வாயருகே கொண்டுபோகும் முன்பே அதன் மணம் வந்துவிட்டது. விற்பனையாளரிடம் கேட்டதற்கு, பொம்மார் மண்ணில் இரும்பு மிகுதி என்றும், நான் சுவைத்தது அந்த இரும்பைத்தான் என்றும் விளக்கம் சொன்னார். இதை எந்த அளவுக்கு நம்பலாம்? மண்ணில் உள்ள பொருள் அப்படியே ஒயினுக்குள் வந்து சேருமா? அப்படி இல்லையென்றால், திராட்சை வகையும் ஆண்டும் செய்த கையும் ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முதல் மறுமொழி

இரும்பு விளக்கத்தை முதலில் ஒதுக்கிவிடலாம், நண்பரே. ஒயினில் இரும்பு பொதுவாக லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். அது மிகுந்தால் ஒயின் கலங்கிப்போகும் என்பதால், தயாரிப்பாளர்கள் அதைச் சிறப்பாக அல்ல, குறையாகவே கருதுவார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் எவ்வளவு இரும்பு இருந்தாலும் கொடியின் வேர்களால் அதை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை. இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றப் பகுதி மஞ்சளாக வெளிறிவிடும். அதாவது, சிவந்த மண்ணிலேயே நின்றுகொண்டு இரும்புக்கு ஏங்கும் கொடிகள் உண்டு. அதனால்தான் இத்தகைய நிலங்களில் சுண்ணாம்பைத் தாங்கும் வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்து அதன்மேல் பினோ நுவாரை ஒட்டுக்கட்டுகிறார்கள். மண்ணைத் தொடுவது பினோவின் வேரே அல்ல, வேறொரு திராட்சைச் செடியின் வேர் என்பதை மண்ணின் சுவையைப் பற்றிப் பேசுவோர் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மண் வேலை செய்வது பெரும்பாலும் நீரின் வழியாகவும் வெப்பத்தின் வழியாகவும்தான். இந்த ஊர்கள் அமைந்திருக்கும் கோட் தோர் சரிவின் அடியில் இருப்பது ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல்லும், சுண்ணாம்பும் களியும் கலந்த மென்பாறையும். பாறை வெடிப்புகள் வழியே நீர் வடிந்துவிடும் இடத்தில், காய் நிறம் மாறும் பருவத்துக்குச் சற்று முன்பே கொடிக்கு இலேசான தாகம் எடுக்கும். அப்போது கொடி புதிய தளிர் விடுவதை நிறுத்திக்கொண்டு பழத்தின்மீது கவனம் செலுத்தும், பழமும் சிறுத்திருக்கும். பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். தோல் மெலிந்து நிறமி குறைந்த பினோ நுவாருக்கு இது மற்ற வகைகளைவிடப் பெரிய செய்தி. களிமண் கூடிய இடமோ நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கொடுக்கும். வசந்தத்தில் சூடேறவும் காலம் எடுக்கும்.

பொம்மாரில் களி கூடுதல், வோல்னேயில் சுண்ணாம்பு கூடுதல் என்பது பொதுவாகச் சரிதான். களி கூடிய இடத்தில் ஒயினின் உடலும் (வாயில் உணரும் கனமும்) துவர்ப்பும் கூடுவதை விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் பொம்மாருக்குள்ளேயே ருஜியென் என்ற நிலமும் எபனோ என்ற நிலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ருஜியென் தன் பெயரையே மண்ணின் செந்நிறத்திலிருந்து பெற்றது. அதன் ஒயின் இறுக்கமானது. ஊரின் வடபுறம் இருக்கும் எபனோவின் ஒயின் பெரும்பாலும் அதைவிட மென்மையாக இருக்கும். ஆகவே ஊர்ப் பெயரை வைத்து மட்டும் முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சரிவைப் பற்றிச் சொல்லாமல் மண்ணைப் பற்றி மட்டும் சொல்வது பாதிக் கதைதான். அதே கோட் தோரில் இருக்கும் க்ளோ த வூஜோ தோட்டத்துக்கு ஒருமுறை மழை விட்ட மறுநாள் போயிருந்தேன். சிஸ்டெர்சியன் துறவிகள் உருவாக்கி மதில் எழுப்பிய அந்த ஒரே தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது. இன்று அதற்கு 80 பேர் அளவில் உரிமையாளர்கள். கீழே சாலையோரத்தில் நடந்தபோது ஒவ்வோர் அடிக்கும் காலணியில் களி அப்பிக்கொண்டு கனத்தது. வரிசைகளுக்கிடையே நீர் தேங்கி நின்றது. மேலே பழைய மாளிகைப் பக்கம் ஏறியபோது, அதே மழைக்குப் பிறகும் காலடியில் சரளைக்கற்கள் நறநறத்தன. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே உயர வேறுபாடு மிகக் குறைவு. ஆனால் சட்டத்தின் பார்வையில் மேலும் கீழும் ஒரே கிராண்ட் க்ரு, அதாவது பர்கண்டி நிலங்களுக்கான மிக உயர்ந்த தகுதி. அந்தத் தகுதி மதிலைப் பார்த்துக் கொடுக்கப்பட்டதே தவிர மண்ணைப் பார்த்துக் கொடுக்கப்பட்டதன்று என்பது என் கருத்து. இதை மறுப்போரும் உண்டு.

பொதுவாகக் கோட் தோரில் புகழ்பெற்ற நிலங்கள் சரிவின் நடுவில் இருப்பதற்குக் காரணம் தெளிவானது. உச்சியில் மண் மெலிந்து காற்று குளிர்ந்திருக்கும். அடிவாரத்தில் மண் ஆழ்ந்து ஈரம் மிகுந்திருக்கும். இரவில் குளிர்காற்று நீரைப்போலக் கீழிறங்கித் தாழ்விடங்களில் தேங்குவதால், முன்கூட்டியே துளிர்க்கும் பினோ நுவார் அங்கே வசந்தகால உறைபனியில் கருகிவிடும் ஆபத்தும் உண்டு. கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிய நடுச்சரிவு காலை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இறுகிய கொத்து கொண்ட, எளிதில் பூஞ்சை பிடிக்கும் ஒரு வகைக்கு அது சிறிய உதவியன்று.

ஆனால் நிலங்களின் இந்தத் தர வரிசை என்றென்றைக்குமானதன்று. பர்கண்டியின் போன் என்னும் நகரில் 1354 முதல் அறுவடை நாள்களின் பதிவு கிடைக்கிறது. 1988க்குப் பிறகு அறுவடை அதற்கு முந்தைய சராசரியைவிட ஏறத்தாழ 13 நாள்கள் முன்னதாக வருகிறது. முன்பு குளிர் மிகுந்தது என்று ஒதுக்கப்பட்ட மேட்டு நிலங்களில் இப்போது பழம் நன்றாகப் பழுக்கிறது. நிலங்களின் தகுதிப் பட்டியலோ பெரும்பாலும் 1930களில் வரையறுக்கப்பட்டபடியே இருக்கிறது.

மூன்றாம் மறுமொழி

பர்கண்டியை மட்டும் பார்த்தால் மண்ணையும் சரிவையும் பிரித்தறிவது கடினம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வில்லாமெட் பள்ளத்தாக்கு இதற்கு நல்ல ஒப்பீடு. அங்கே டண்டி ஹில்ஸ் பகுதியில் ஜோரி எனப்படும் செம்மண். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை சிதைந்து உருவானது. யாம்ஹில்-கார்ல்டன் பக்கம் வில்லாகென்ஸி எனப்படும் மண். பழங்காலக் கடலடிப் படிவிலிருந்து வந்தது, நீரை விரைவில் இழப்பது. முன்னதில் செர்ரிபோன்ற செம்பழ மணமும், பின்னதில் கரும்பழ மணமும் வரும் என்பது அங்கே வழங்கும் வாய்பாடு.

நானும் நெடுநாள் அதை நம்பியிருந்தேன். ஆனால் இயோலா-அமிட்டி ஹில்ஸ் குன்றுகளும் எரிமலைப் பாறைமீதே நிற்கின்றன. அவற்றின் ஒயினோ டண்டி ஹில்ஸ் ஒயினைவிடக் கூர்மையான அமிலத்தோடும் இறுக்கத்தோடும் வருகிறது. மலைத்தொடரின் இடைவெளியான வான் டூசர் கணவாய் வழியே பசிபிக் காற்று பிற்பகலில் நேராக அந்தக் குன்றுகள்மீது வீசுகிறது. மாலையில் வெப்பம் சட்டென இறங்குகிறது. மேல்மண்ணின் ஆழமும் அங்கே பல இடங்களில் குறைவு. பாறை ஏறக்குறைய ஒன்று, காற்று வேறு, ஆழம் வேறு; ஒயினும் வேறு. எனவே புட்டியில் பாறையின் பெயரைப் பார்த்தால், அதை அந்த இடத்தின் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் வைத்த சுருக்கப் பெயராக மட்டுமே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஒப்பீட்டைப் பற்றி ஒரு கேள்வி. இரண்டு ஒயின்களும் ஒரே முறையில் செய்யப்பட்டவையா? காம்புடன் முழுக் கொத்தாக நொதிக்க வைத்தார்களா, புதிய ஓக் பீப்பாய் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பவற்றைப் பார்த்தீர்களா? பினோ நுவார்போன்ற மென்மையான ஒயினில் புதிய பீப்பாய் மண்ணைவிட உரக்கப் பேசிவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கடைசிக் கேள்விக்குப் பிறகுதான் தயாரிப்பாளரின் குறிப்பைத் தேடி எடுத்துப் படித்தேன். கொத்துகளை இரண்டிலும் காம்பு நீக்கியே நொதிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் பொம்மாரில் பாதிக்கு மேல் புதிய பீப்பாய்; வோல்னேயில் எல்லாமே பழைய பீப்பாய். ஆக, ஈறுகளைப் பிடித்த அந்தத் துவர்ப்பில் களிமண்ணுக்கு எவ்வளவு பங்கு, மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று இந்த இரண்டு புட்டிகளை வைத்து என்னால் சொல்ல முடியாது. ருஜியெனையும் எபனோவையும் ஒரே அளவு புதிய பீப்பாயில் முதிர வைக்கும் ஒரு தயாரிப்பாளரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் இரண்டையும் பெயர் மறைத்துச் சுவைத்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.