கடன் அடைந்துவிட்டது, ஆனால் 'மாட்டேன்' சொல்ல வரவில்லை

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 7 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது முதலாளி முன்பணம் கொடுத்தார், அதை அடைத்து 4 வருடம் ஆகிறது, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சில் பிள்ளையோடு அலையில் நிற்கும்போது அவர் போன் வந்தால் ஈரக் கையோடு எடுத்து 'வரேன் சார்' என்கிறேன். வேலையை விடவும் மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1
முதலில் கணக்கு போடுங்கள், உங்கள் தொழிலே அதுதானே. 5 வருடம் தாண்டியதால் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 என்றால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கில் 15,000 ரூபாய். 7 வருடத்துக்கு 1,05,000. பிஎஃப் தனி. விலகினால் கையில் என்ன நிற்கும் என்று தெரிந்தபிறகு எனக்குப் பயம் பாதி போச்சு. அப்புறமும் அங்கேயேதான் இருக்கிறேன்!

பதில் 2
புதுச்சேரியிலிருந்து. நானும் இப்படித்தான். ஒருநாள் டைரியில் 'போகணும்' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'போகிறேன், ஏனென்றால்' என்று எழுத உட்கார்ந்தேன். வார நாளுக்கு நாலு காரணம் வந்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றுகூட வரவில்லை. திங்கட்கிழமையே போய், 'ஞாயிறு வரமாட்டேன் சார், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் வரேன்' என்றேன். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

கேட்டவர்
மாதக் கடைசி யோசனை நன்றாக இருக்கிறது அண்ணா. ஜிஎஸ்டி வேலை இருக்கும் நாளில் நானே போவேன், அது எனக்குப் பிடிக்கும். மற்ற ஞாயிறுகளில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பீச்சுக்குப் போய்ப் பார்க்கிறேன்.