அம்மாவின் நடை குறைகிறது: போன் காட்டும் கணக்கை நம்பலாமா?

தென்காசிக்காரி:
அம்மாவுக்கு 69 வயது. தென்காசியில் தனியாக இருக்கிறார், நான் சென்னையில். காசி விஸ்வநாதர் கோயிலுக்குத் தினமும் நடந்தே போய் வந்தவர், இந்தப் பொங்கலுக்கு நான் போனபோது தெருமுனைக் கடைக்கே ஆட்டோ கூப்பிடச் சொன்னார். கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லடி" என்கிறார். அப்போது என் பழைய ஐபோனைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதன் ஹெல்த் ஆப்பில், நாளுக்கு 2,900 ஆக இருந்த ஸ்டெப்ஸ் மூன்று மாதத்தில் 1,100 ஆகிவிட்டது. நடை வேகம் பல நாள் பதிவாகவே இல்லை. பயமாக இருக்கிறது. இதைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டலாமா?

பிசியோ_ஈரோடு:
முதலில் ஒன்று சொல்லுங்கள். அம்மா போனை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறார்? ஐபோன் நடை வேகத்தையும் காலடி நீளத்தையும் கணக்கிட, போன் இடுப்பை ஒட்டி, பாக்கெட்டில் இருக்க வேண்டும். சமதரையில் சீராக நடக்கவும் வேண்டும். ஹெல்த் ஆப்பில் உயரத்தைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இப்போது அதில் இருப்பது உங்கள் உயரமாக இருக்கலாம்.

தென்காசிக்காரி:
கேட்டேன். வீட்டில் போன் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்குமாம். வெளியே போனால் கைப்பையில். "புடவையில ஏதுடி பாக்கெட்டு?" என்று கேட்டார். எனக்கு இது தோன்றவே இல்லை. உயரமும் என்னுடையதுதான், மாற்றிவிட்டேன்.

ஆய்வு_மாணவன்:
அக்கா, ஆராய்ச்சியிலும் இதே சிக்கல் உண்டு. 2015-இல் அமெரிக்காவில் பார்கின்சன் நோய்க்காக எம்பவர் என்ற ஐபோன் ஆய்வு தொடங்கினார்கள். அதில் அன்றாட நடையை மட்டும் நம்பவில்லை. போனைப் பாக்கெட்டில் போட்டு 20 ஸ்டெப்ஸ் நேராக நடந்து, திரும்பி, 30 நொடி அசையாமல் நிற்கச் சொன்னார்கள். எப்போதும் ஒரே வேலை என்பதால், இந்த மாத அளவை அடுத்த மாத அளவோடு ஒப்பிட முடியும். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள், ஆனால் பெரும்பாலோர் சில நாளிலேயே விட்டுவிட்டார்கள். அம்மாவுக்கும் தினமும் வேண்டாம், மாதம் ஒரு முறை போதும்.

பிசியோ_ஈரோடு:
தம்பி சொல்வது சரி. போனில் ஸ்டாப்வாட்ச் இருந்தாலே போதும். வீட்டுத் தரையில் 4 மீட்டர் அளந்து இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு போடுங்கள். கோட்டுக்குச் சற்று முன்பிருந்தே வழக்கமான வேகத்தில் நடக்கட்டும். தசை இளைப்புக்கான ஆசியக் குழுவின் 2019 அளவுகோலில், நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே போனால் நடை மெதுவாகிவிட்டது என்று பொருள். அப்புறம், சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 14 நொடிக்குள் முடிகிறதா என்று பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் பராமரிப்புக் கையேடு சொல்கிறது. பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். தனியாகச் செய்யவே கூடாது.

காரணம் மூட்டுத் தேய்மானமா, தசை இளைப்பா, பார்வையா, பிரஷர் மாத்திரையால் வரும் கிறுகிறுப்பா என்று எந்த ஆப்பும் சொல்லாது. அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

தென்காசிக்காரி:
பக்கத்து வீட்டுத் தம்பி வீடியோ காலில் என்னை வைத்துக்கொண்டு அளந்தான். 4 மீட்டருக்கு ஐந்தரை நொடி. நாற்காலியில் 17 நொடி, நான்காவது முறை எழும்போது முழங்காலில் கை ஊன்றிவிட்டார். ஸ்டெப்ஸ் கணக்கு தப்பு, என் பயம் தப்பில்லை. வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், புதன் இரவு ரயில் ஏறுகிறேன். அம்மா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் அட்டையோடு எடுத்துப் போகிறேன். இருவருக்கும் நன்றி.